ராட்டினத்தின் பூர்வீகம்

பெர்ரிஸ் சக்கரம் என உலகம் அழைக்கும் ராட்சத ராட்டினத்தை 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் பெர்ரிஸ் நிறுவினார். உயரம் 264 அடி, பெட்டிகள் 36, ஒரே வேளையில் 2,160 பேர் ஏறலாம். எஃகினால் அவர் ஆற்றிய சாதனையை நாம் குறைத்துரையோம். ஆயினும் இதன் தொடக்கம் அவரிடமன்று.

1615-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் ரமளான் விழாவில் இத்தகைய சக்கரமேறி மகிழ்ந்ததை ரோம் நகரப் பயணி பியட்ரோ டெல்லா வல்லே எழுதிவைத்தார். 1620-இல் உதுமானியர் ஆண்ட பிலிப்போபொலிஸில் ஆங்கிலேயர் பீட்டர் மண்டியும் கண்டார். துருக்கியர் இதனை 'தோன்மே தோலாப்' என்பர். அரபியில் 'தூலாப்' என வழங்கும் அச்சொல், நீரிறைக்கும் சக்கரத்தையும் குறிக்கும்.

பெர்ரிஸ் 1896-இல் 37 வயதில் மறைந்தார்; அவரது சக்கரமும் 1906-இல் தகர்க்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. மரச்சக்கரம் சமைத்த தச்சர்தம் பெயர்களோ நம்மை எட்டவில்லை. அவர்களையும் நினைவிற்கொள்வதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதி.