பழனி பாதயாத்திரை: குழுவாக நடப்பவர்கள் கடைப்பிடிக்கும் எழுதாத விதிகள் என்னென்ன?

தை மாதம் பிறந்துவிட்டாலே தாராபுரம் சாலையில் பச்சை வேட்டி, காவி வேட்டியுடன் கூட்டம் கூட்டமாக நடந்து செல்பவர்களைப் பார்க்கலாம். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பகுதிகளில் இருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் முருக பக்தர்கள் இவர்கள். பனியன் கம்பெனித் தொழிலாளி, ஓனர், விவசாயி என எல்லோரும் ஒரே குழுவில் நடப்பார்கள். இத்தனை பேரும் பல நாட்கள் ஒன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, நடக்க வேண்டும் என்றால் சில கட்டுப்பாடுகள் வேண்டும் அல்லவா? அவை என்னென்ன?

எப்போது, எந்த வழியாக?

தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய இரண்டும்தான் முக்கிய சீசன். திருப்பூரில் இருந்து அவிநாசிபாளையம், குண்டடம், தாராபுரம் வழியாக பழனி சுமார் 85 கி.மீ. தூரம். பங்குனி உத்திரத்துக்கு கொங்கு பகுதி பக்தர்கள் கொடுமுடிக்குச் சென்று, காவிரி தீர்த்தம் எடுத்து, தீர்த்தக் காவடியாகப் பழனிக்குக் கொண்டு செல்வது நீண்ட காலப் பழக்கம். 2021 முதல் தைப்பூசம் தமிழ்நாட்டில் அரசு பொது விடுமுறை என்பதால், லீவு கேட்கும் சிக்கலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எல்லோரும் 'சாமி'தான்

மாலை போட்ட பிறகு குழுவில் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. முதலாளியும் சாமி, அவரிடம் வேலை செய்பவரும் சாமி. வழிநடத்துபவர் குருசாமி. எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. விரத நாட்களில் மது, புகை, அசைவம் கிடையாது. காலில் செருப்பு போடாமல் நடப்பவர்களும் உண்டு.

காவடியை வெறும் தரையில் வைக்கக் கூடாது என்பது பொதுவான வழக்கம். ஒருவருக்குத் தோள் வலித்தால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். பழனியில் மலை ஏறும்போது, வழியில் உள்ள இடும்பனை வணங்கிவிட்டுத்தான் மேலே செல்வார்கள். காவடி வழக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இடும்பன் கதைதான்.

பழைய குழுக்களுக்குத் தனி மரபும் உண்டு. செட்டிநாட்டில் இருந்து வரும் நகரத்தார் காவடி ரத்தின வேலுடன் வருகிறது. எடப்பாடி பருவதராஜகுல காவடிக் குழுவினருக்கு மலைக்கோயிலில் ஓர் இரவு தங்கும் உரிமை இருக்கிறது. அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தமும் தயாரிப்பார்கள்.

பணம், சாப்பாடு, குப்பை

வண்டி வாடகை, மளிகை, கேஸ் எல்லாவற்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கிளம்பும் முன்பே வசூல் செய்துவிடுவார்கள். கணக்கை ஒரு ஆள் பார்ப்பார். ஊர் திரும்பியதும் எல்லோர் முன்பும் கணக்கை ஒப்படைப்பது நல்ல குழுவுக்கு அடையாளம். காசு கொடுக்க முடியாதவர் சமையலிலோ, பாத்திரம் கழுவுவதிலோ கைகொடுத்தால் போதும்.

வழியில் அன்னதானம், நீர்மோர், சுக்கு காபி கிடைக்கும். "தேவையான அளவு மட்டும் வாங்கணும், இலையை ரோட்டுல போடக் கூடாது" என்பது குருசாமிகள் அடிக்கடி சொல்லும் பேச்சு. ஒருமுறை பயன்படுத்தி வீசும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. எனவே தட்டும் டம்ளரும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

உயிர் காக்கும் விதிகள்

வெயிலுக்குப் பயந்து பலரும் இரவிலும் அதிகாலையிலும் நடக்கிறார்கள். லாரி, பஸ் வேகமாகப் போகும் சாலையில் ஆபத்து அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான்.

* எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். கை கோத்துப் பேசிக்கொண்டே போவது கூடாது.
* முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டார்ச் இருக்க வேண்டும். சட்டையிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.
* கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. மெதுவாக நடப்பவருக்காகக் குழு காத்திருக்க வேண்டும்.
* சாலை ஓரத்தில் படுத்துத் தூங்கவே கூடாது. மண்டபம், பள்ளி, கோயில் வளாகம் என முன்பே இடம் பேசிவிட வேண்டும்.
* காலில் கொப்புளம், மயக்கம், நெஞ்சு வலி எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நடக்க முடியாதவரைச் சாமான் வரும் மினி டெம்போவில் ஏற்றிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது விதிமீறல். வண்டி கவிழ்ந்தால் இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் வரும். பஸ் ஏற்றி அனுப்புவதே சரி.

விபத்து நடந்தால்?

உடனே 108-க்கு அழைக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். உதவி செய்பவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. "போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்று தயங்க வேண்டாம்.

புதிதாகச் சேர்பவர்கள் கேட்க வேண்டியவை

எத்தனை நாள் நடை? இரவு எங்கே தங்கல்? பெண்களுக்குக் கழிப்பறை வசதி உண்டா? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? இதையெல்லாம் கிளம்பும் முன்பே குருசாமியிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டு, மாத்திரையைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு நம்பரை ஒரு சீட்டில் எழுதியும் வைத்திருங்கள். பழனி மலைக்கோயிலுக்குள் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்குத் தடை என்பதால், கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை அடிவாரத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.