ஒரு படம், பல முகவரிகள்

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவியை உருவாக்கிவந்த மார்க் ஆண்டிரீசன், 1993 பிப்ரவரியில் இணையப் பக்கத்தில் படம் இடுவதற்கென 'ஐஎம்ஜி' என்ற குறிச்சொல்லை முன்மொழிந்தார். அதன் 'எஸ்ஆர்சி' என்ற பண்பு படத்தின் முகவரியைத் தாங்கிற்று. ஒரு படத்திற்கு ஒரே முகவரி என்ற அவ்வேற்பாடு நெடுங்காலம் போதுமானதாக இருந்தது.

2010ஆம் ஆண்டில் அது போதாமற்போயிற்று. திரைக்கேற்ப நெகிழும் பக்க அமைப்பை ஈதன் மார்காட் அவ்வாண்டு எடுத்துரைத்தார். அதே ஆண்டில் வந்த ஐபோன் 4, முந்தியதைவிட நீளத்திலும் அகலத்திலும் இருமடங்கு படப்புள்ளிகளைக் கொண்டிருந்தது. பெரிய படத்தை வைத்தால், சிறிய கைப்பேசி வைத்திருப்போர் தமக்குப் பயன்படாத புள்ளிகளுக்கும் கட்டணம் செலுத்த நேர்ந்தது. சிறியதை வைத்தால் பெரிய திரையில் படம் மங்கிற்று.

திரையை அளந்து முகவரியை மாற்றும் நிரல்களைச் சிலர் எழுதிப் பார்த்தனர். அவை பெரும்பாலும் பயன்தரவில்லை. உலாவிகள் 2008ஆம் ஆண்டளவிலேயே ஒரு விரைவு உத்தியைக் கைக்கொண்டிருந்தன. பக்கத்தைப் படிக்கும் பகுதி ஒரு நிரலுக்காகக் காத்து நிற்கையில், வேறொரு பகுதி முன்னே ஓடிப் பட முகவரிகளைப் பொறுக்கி, படங்களை வரவழைக்கத் தொடங்கிவிடும். நிரல் இயங்குமுன் பெரிய படம் புறப்பட்டுவிடும். பின்னர்ச் சிறியதும் வரும். எனவே, தேர்வுக்குரிய செய்தி முழுவதும் குறிமொழியிலேயே எழுதப்பட வேண்டியதாயிற்று.

2012இல் பக்க அமைப்பாளர்கள் ஒரு குழுவாகக் கூடி 'பிக்சர்' என்ற குறிச்சொல்லுக்காக உழைத்தனர். அவ்வாண்டு மே திங்களில், ஆப்பிள் நிறுவனப் பொறியாளர் ஒருவர் முன்வைத்த 'எஸ்ஆர்சிசெட்' என்ற பண்பு குறிமொழி வரையறையில் சேர்க்கப்பட்டது. உலாவி செய்வோர் சொல்லுக்கே எடை மிகுதி என்று குழுவினர் மனம் புழுங்கினர். அதில் நியாயம் இல்லாமலில்லை. முடிவில் இரண்டும் நிலைபெற்றன. யோவாவ் வைஸ் என்ற நிரலர் பொதுமக்களிடம் நிதி திரட்டி உழைக்க, 2014இல் குரோம் உலாவி 'பிக்சர்' குறிச்சொல்லை ஏற்றது.

'எஸ்ஆர்சிசெட்' பண்பில் முகவரிகள் காற்புள்ளியால் பிரிக்கப்படுகின்றன. ஆயினும் உலாவி காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டுவதில்லை. முகவரிக்குள்ளேயும் காற்புள்ளி வரலாமன்றோ! ஆதலால், முதலில் இடைவெளி வரையுள்ள எழுத்துகளை ஒரே முகவரியாகக் கொள்கிறது. அதன் ஈற்றில் காற்புள்ளி நின்றால் மட்டும் அதை நீக்கி, அவ்வுறுப்பை முடிக்கிறது. பதம் பிரிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இந்நுட்பம் புதிதன்று. முகவரியை அடுத்துவரும் அளவுக்குறிப்பு பிழையானால் அவ்வுறுப்பு மட்டுமே தள்ளப்படும், ஏனையவை பிழைக்கும்.

'சைசஸ்' என்ற துணைப்பண்பு, படம் திரையில் எவ்வளவு அகலம் பெறும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறது. அங்கே விழுக்காட்டு அளவு செல்லாது. எதன் விழுக்காடு என்பது பக்கம் அமைந்த பின்னரே தெரியும். பண்பு விடுபட்டாலோ, திரையின் முழு அகலமே கொள்ளப்படும். 360 அலகு அகலமும் இருமடங்கு அடர்த்தியும் உள்ள திரைக்கு 720 புள்ளிகள் தேவை. 400, 800, 1600 புள்ளி அகலப் படங்கள் இருப்பின் 800 பொருந்தும். ஆயினும் இறுதித் தேர்வு உலாவியின் உரிமையே.

2024இல் குரோம் உலாவி, தாமதித்து ஏற்றப்படும் படங்களுக்கு இவ்வகலத்தைத் தானே அளந்துகொள்ளத் தொடங்கிற்று. அவை வரவழைக்கப்படுமுன் பக்கம் அமைந்துவிடுகிறது. உடனே ஏற்றப்படும் படங்களுக்கு எழுதுவோரே அகலத்தைக் குறிக்க வேண்டியுள்ளது.