'320 கேபிபிஎஸ்' பாட்டு நிஜமாகவே 320தானா? எம்பி3 சத்தத்தைச் சுருக்குவது எப்படி?

'ஹை குவாலிட்டி 320 கேபிபிஎஸ்' என்று போட்டிருந்தால் நம்பி டவுன்லோடு செய்கிறோம். ஃபைல் சைஸும் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சைஸ் பெரிதாக இருப்பதால் மட்டும் சத்தமும் தரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏன்? ஒரு பாட்டு எம்பி3 ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

53 எம்பி பாட்டு 5 எம்பி ஆனது எப்படி?

முதலில் சிடி கணக்கு. ஆடியோ சிடியில் ஒரு வினாடி சத்தத்தை 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 16 பிட். இடது, வலது என இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் ஒரு வினாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். இதைத்தான் கேபிபிஎஸ் என்கிறோம். இந்தக் கணக்கில் 5 நிமிடப் பாட்டு ஒன்று கிட்டத்தட்ட 53 எம்பி பிடிக்கும். அதே பாட்டு 128 கேபிபிஎஸ் எம்பி3ஆக இருந்தால் 5 எம்பிகூட வராது. ஒரே சிடியில் நூறு பாட்டுக்கு மேல் போட்டு விற்றார்களே, அதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

மீதி 48 எம்பி எங்கே போனது? தூக்கிப் போட்டுவிட்டார்கள். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காதை ஏமாற்றும் கணக்கு

கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். தும்மல் மாதிரி அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் ஒருவர் தும்மினால் அந்தச் சத்தம் காற்றில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தவில் சத்தத்தில் அது நமக்குக் கேட்பதில்லை. எம்பி3க்கு அடிப்படையே இதுதான். பெரிய சத்தம் ஒன்று வரும்போது, அதற்கு நெருக்கமான சுருதியில் இருக்கும் சின்னச் சத்தங்கள் மறைந்துபோகும். பெரிய சத்தம் நின்ற பிறகும் ஒரு சில நொடித்துளிகளுக்கு காது சின்னச் சத்தங்களைக் கவனிக்காது.

எம்பி3 செய்யும் சாஃப்ட்வேர், பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த சுருதி பலமாக இருக்கிறது, எது மறையப் போகிறது என்று கணக்குப் போடுகிறது. மறையப் போகிற இடத்தில் எண்களைத் துல்லியமாக எழுதாமல் ரவுண்டு பண்ணிவிடுகிறது. கடைக் கணக்கில் 1,247 ரூபாய் 35 பைசாவை 1,250 என்று எழுதுகிற மாதிரி. அந்த 2 ரூபாய் 65 பைசா வித்தியாசம்தான் சத்தத்தில் இரைச்சலாக வரும். அந்த இரைச்சல் பெரிய சத்தத்துக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்படி பார்த்துக்கொள்வதுதான் இதில் உள்ள சாமர்த்தியம்.

ஒரு பாட்டு கொடுத்த தலைவலி

இந்த டெக்னாலஜியில் முக்கியமானவர் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். எர்லாங்கன் பல்கலைக்கழகத்திலும் பிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்திலும் 1980களில் இந்த வேலை நடந்தது. அப்போது அவர் சோதனைக்கு எடுத்த பாட்டுகளில் ஒன்று, அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்'. வாத்தியமே கிடையாது, வெறும் குரல் மட்டும். கேட்க எளிமையான பாட்டுதான். ஆனால் சுருக்கிப் பார்த்தால் படுமோசமாக வந்தது. இரைச்சல் ஒளிந்துகொள்ள அங்கே மேளமும் இல்லை, கிடாரும் இல்லை. போதாததற்கு, மனிதக் குரலில் சின்னக் கோளாறு இருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் குரல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். இதனால்தான் சூசன் வேகாவை 'எம்பி3யின் தாய்' என்று சொல்கிறார்கள். '.எம்பி3' என்ற ஃபைல் பெயரை அந்த நிறுவனம் முடிவு செய்தது 1995 ஜூலை 14ல்.

இன்னொரு வில்லன், கையில் வைத்துத் தட்டும் காஸ்டனெட் என்ற ஸ்பெயின் நாட்டு வாத்தியம். நம்ம ஊர் ஜால்ரா மாதிரி 'டக்'கென்று ஆரம்பிக்கும் சத்தம். ரவுண்டு பண்ணியதால் வரும் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவும் என்பதால், அடி விழுவதற்கு முன்பே ஒரு 'ஸ்ஸ்' சத்தம் கேட்டுவிடும். இப்படிப்பட்ட இடம் வந்தால் துண்டுகளை இன்னும் சின்னதாக வெட்டிச் சமாளிக்கிறார்கள்.

அப்போ 320?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தூக்கிப் போட்டது போட்டதுதான். 1,250 என்று மட்டும் எழுதிய நோட்டைப் பார்த்து 35 பைசாவைக் கண்டுபிடிக்க முடியாது. 128 எம்பி3யை 320ஆக மாற்றினால் ஃபைல் இரண்டரை மடங்கு ஆகும், போனது எதுவும் திரும்பி வராது. சொல்லப்போனால் இரண்டாவது தடவை ரவுண்டு பண்ணுவதால் இன்னும் கொஞ்சம் கெடும். யூடியூப் அனுப்புவது ஏஏசி அல்லது ஓபஸ் ஃபார்மட். அதிலிருந்து '320 எம்பி3' எடுத்தாலும் இதே கதைதான்.

சந்தேகம் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் பாட்டைத் திறந்து 'ஸ்பெக்ட்ரோகிராம்' காட்சியைப் பாருங்கள். 128ல் சுருக்கும்போது பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடுவார்கள். 320 என்று சொன்ன ஃபைலில் அந்த இடத்தில் ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி மேலே எல்லாம் காலியாக இருந்தால், அது பழைய 128ஆக இருக்க வாய்ப்பு அதிகம். 1960களின் பாட்டுகளில் அந்த உயரச் சத்தம் ஒரிஜினலிலேயே குறைவாக இருக்கலாம். அதனால் அவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எதையும் இழக்காத சுருக்கம் இல்லையா?

இருக்கிறது. 2001ல் வந்த ஃபிளாக் அப்படிப்பட்டது. அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று முந்தைய எண்களை வைத்து ஊகித்து, ஊகம் எவ்வளவு தவறியது என்பதை மட்டும் எழுதி வைக்கும். திறந்தால் ஒரிஜினல் ஒரு பிட்கூட மாறாமல் வரும். இதைத்தான் லாஸ்லெஸ் என்கிறார்கள். சைஸ் பாதி அளவுக்குத்தான் குறையும். ஆனால் சாதாரண புளூடூத் இயர்போனில் கேட்டால், போன் அதை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் 2012ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் ஃபார்மட்டில் போகிறது. பேச்சுக்கு அருமையானது. குறைந்த டேட்டாவிலும் வார்த்தை தெளிவாக இருக்கும். ஆனால் பேச்சு புரியும் அளவுக்குச் சுருக்குவதால், கச்சேரியை வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்தால் சுமாராகத்தான் வரும்.

வீட்டில் தாத்தா பாட்டி பேசிய பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் பதிவை வேவ் அல்லது ஃபிளாக்கில் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அதிலிருந்து எம்பி3 காப்பி போட்டுக்கொள்ளலாம். ஒரிஜினலையே அனுப்ப வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு கேசட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.