பழவேற்காட்டுக் கழுத்துத்துணியும் லூதியானா மப்ளரும்: வட தமிழகக் கரையில் கம்பளிப் பின்னல் தொழிலாகாத வரலாறு

மார்கழி பிறந்ததும் அரக்கோணம் தடத்து விடியற்கால ரயில்களில் காதும் கழுத்தும் மறைந்துவிடுகின்றன. வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையில் இருக்கும் செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் ஏறி அம்பத்தூருக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குப் போகிறவர்கள் மப்ளரையோ மங்கி குல்லாவையோ நம்பித்தான் பனியைக் கடக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவில் எந்திரத்தில் பின்னப்பட்டு, 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவை. ஆனால் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே இருக்கும் பழவேற்காடு ஒரு காலத்தில் கழுத்தில் கட்டும் துணியைக் கடல் கடந்து அனுப்பிய துறைமுகம். கழுத்துத்துணிக்கே தன் பெயரைக் கொடுத்த கரை, கம்பளி நூலைக் கொண்டு கையால் பின்னும் கலையைப் பிழைப்பாக ஏற்காமல் போனது ஏன்? வெயில் நாடு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது போதாது என்பதும், தறி ஏற்கெனவே பிடித்திருந்த இடமும் பின்னல் இங்கு நுழைந்த வாசலுமே காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஆட்டைப் பார்ப்போம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளுக்கு உரிய செம்மறி இனம் 'சென்னைச் சிவப்பு'. இதன் உடலில் வளர்வது முடி. கத்தரித்து நூற்கத்தக்க கம்பளி அல்ல. இதை வளர்ப்பது இறைச்சிக்காகத்தான். மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர் முதலான மற்றத் தமிழ்நாட்டு இனங்கள் பலவும் அப்படியே. திருச்சி கருப்பும் கோயம்புத்தூர் குறும்பையும் கம்பளி தரும். ஆனால் அது முரட்டு ரகம். இடையர்களும் குறும்பர்களும் அதை நூற்றுக் குழித்தறியில் போர்வையாக நெய்தார்கள். மழைக்கும் பனிக்கும் தாங்கும் அந்தக் கம்பளியைக் கழுத்தில் சுற்றினால் தோல் அரிக்கும். மெல்லிய கம்பளி தரும் ஒரே தமிழ்நாட்டு இனம் நீலகிரி ஆடு. 19ஆம் நூற்றாண்டில் மெரினோ முதலான அயல் இனங்களின் கலப்பில் உருவானது அது. இன்று எண்ணிக்கை குறைந்து, உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தின் காப்பில் அதன் தூய மரபு பேணப்படுகிறது. ஆக, நூலே இல்லாத இடத்தில் பின்னல் எப்படி வளரும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் விடை அதோடு முடிந்துவிடாது. காஞ்சிபுரத்தில் பட்டுப்புழு வளரவில்லை. பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வந்தன. கச்சாப்பொருள் வெளியிலிருந்து வந்தாலும், வாங்குகிற வணிகரும் செய்கிற குடிகளும் கடனும் சந்தையும் ஒன்றுசேர்ந்தால் தொழில் உருவாகும் என்பதற்கு அந்த ஒரு நகரமே சான்று. ஆட்டைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

தறியின் பக்கம் திரும்பினால்தான் வழக்கின் மையம் தெரிகிறது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1610இல் காலூன்றி, 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்களை இழுத்துவந்தது துணி. சுற்றுவட்டாரத் தறிகளில் விளைந்த கட்டம்போட்ட பருத்தித் துணி. மலாய் மொழியில் கட்டம்போட்ட லுங்கிக்கு இன்றும் 'பெலிகாட்' துணி என்றே பெயர். அது பழவேற்காட்டின் பெயர்தான். ஆங்கிலேயர் வாயில் 'புலிகாட்' என்பது கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணக் கைக்குட்டைக்குப் பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே பெயரில் அதைப் போலவே நெய்து விற்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாரி மக்களுக்கும், மார்த்தினிக், குவாதலூப் தீவுப் பெண்களின் தலைக்கட்டுக்கும் போய்ச் சேர்ந்த 'மெட்ராஸ்' துணி இதன் கிளை. ஆகவே ஸ்கார்ஃப் என்ற பொருள் இந்தக் கரைக்குப் புதிது அல்ல. நெய்த சதுரமாக அது இங்கே முழுமை பெற்றிருந்தது. உள்ளூர் உடம்பிலும் அந்த இடம் காலியாக இல்லை. துண்டு ஒன்றே தோளில் மேலாடை, தலையில் முண்டாசு, பனிக்காலத்தில் காதை மூடும் கட்டு. சால்வை என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தபோதும் அதைத் தமிழர் நெய்த துணியாகவே ஏற்றார்கள். மேடையில் போர்த்தும் மரியாதையாக அது இன்றுவரை நிற்கிறது. பின்னல் வந்து சேர்ந்தபோது கழுத்து, தோள், தலை மூன்றையும் தறி முன்பே பிடித்திருந்தது.

சொற்களும் இதையே சொல்கின்றன. நெசவுக்குப் பாவு, ஊடை, அச்சு, விழுது, தார், நாடா என்று ஒரு முழு அகராதி உண்டு. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அதைப் பேச்சோடு கற்கும். புகாரின் வீதிகளில் பட்டையும் பருத்தியையும் மயிரையும் கொண்டு நெய்தவர்களைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மயிர் இழையும் அங்கே தறிக்குத்தான் போனது. கம்பளிப் பின்னலிலோ நிட், பர்ல், உல்லன், ஸ்வெட்டர், மப்ளர், ஸ்கார்ஃப் எல்லாமே வந்த சொற்கள். 'பின்னல்' தமிழ்ச்சொல்தானே என்று மறுக்கலாம். அது கூந்தலுக்கும் ஓலைக்கும் கூடைக்கும் உரிய சொல். ஊசியில் கண்ணி கோக்கும் வேலைக்குப் பின்னால் இரவல் போனது. ஒரு தொழில் ஊரில் வேர்விட்டால் கருவிக்கும் கோணலுக்கும் பழுதுக்கும்கூட அவ்வூர்ப் பெயர் முளைக்கும். இங்கே அப்படி முளைக்கவில்லை என்பதே கம்பளிப் பின்னல் எங்கே தங்கியது என்பதைக் காட்டும் வலுவான தடயம். மாதிரிகள் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் அச்சாகி வந்தன. புள்ளி எண்ணிக் கோலம் போடும் கைகளுக்குக் கண்ணி எண்ணுவது கடினமே அல்ல. ஆனால் எண்ணவேண்டிய கணக்கு ஆங்கிலத்தில் இருந்ததால், அது ஆங்கிலப் பள்ளியில் படித்த வீடுகளைத் தாண்டி இறங்கத் தாமதமாயிற்று.

அந்தப் பள்ளிதான் பின்னல் நுழைந்த வாசல். தென்கோடியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் சிறுமிகளுக்கு லேஸ் வேலை கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, 1844இல் கால்டுவெலை மணந்து இடையன்குடிக்கு அதைக் கொண்டுசென்றார். லேஸ் அங்கே பாடத்தோடு நிற்கவில்லை, பிழைப்பாயிற்று. அடிமைச் சாதிகளில் பிறந்த பெண்கள் லேஸ் வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கியதை மிஷன் ஆவணங்கள் பெருமையோடு பதிவு செய்கின்றன. ஊசி வேலையின் வரலாற்றில் இதைவிட மகத்தான பக்கம் தமிழ்நாட்டில் இல்லை என்றே நான் கருதுகிறேன். அப்படியானால் அதே வகைப் பள்ளிகளில் கற்பித்த கம்பளிப் பின்னல் ஏன் அந்த வழியில் போகவில்லை? காரணம் வாங்குகிறவரிடம் இருக்கிறது. லேஸ் வாங்கும் ஐரோப்பியச் சீமாட்டி கைவேலை என்பதற்காகவே காசு கொடுத்தார். சில கிராம் நூலில் பல நாள் உழைப்பு அடங்கியது. அஞ்சலில் அனுப்பக்கூடிய எடைதான். கம்பளி மப்ளர் வாங்குகிறவருக்கு வேண்டியது சூடு. அதைக் கையும் தரும், எந்திரமும் தரும். பழகிய கைக்கும் ஒரு மப்ளருக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் ஆகும். எந்திரம் பின்னிய மப்ளரின் விலையில் நூல் செலவு போக மிஞ்சும் கூலி, அந்த நேரத்துக்கு ஈடாகாது. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தை 1589இலேயே உருவாக்கிவிட்டார் என்பதை நினைத்தால், கைப்பின்னல் நம்மூருக்கு வந்தபோதே தோற்ற போட்டியில்தான் இறங்கியது.

ஆகவே அது நல்ல பழக்கமாகக் கற்பிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணப் பெண் பள்ளிகளில் ஊசி வேலை பாடமாயிற்று. அதன் நீட்சியாக அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையல் இன்றும் ஒரு பிரிவு. இந்தப் பாதை தையல் ஆசிரியைகளை உருவாக்கியது. பின்னல் கூலி வாங்குகிற ஒரு குடியை உருவாக்கவில்லை. 1962இல் சீனப் போரின்போது நாடெங்கும் பெண்கள் எல்லை வீரர்களுக்காக ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னி அனுப்பினார்கள். கைப்பின்னல் பொதுவாழ்வில் உச்சம் தொட்ட தருணம் அது. அப்போதும் அது கொடையாகத்தான் இருந்தது. செவ்வாப்பேட்டையிலிருந்து சென்னை நோக்கிப் போனால் வரும் ஆவடியில் படைவீரர்களுக்கு உடை தைக்கும் அரசுத் தொழிற்சாலை அந்த ஆண்டுகளில்தான் தொடங்கியது. அங்கே பெருமளவில் நடப்பது நெய்த துணியை வெட்டித் தைக்கும் வேலை. அருகிலிருந்த பேரளவுத் தேவையும் தறியின் வாரிசையே வளர்த்தது.

இப்போது தட்பவெப்ப வாதம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 14 டிகிரி செல்சியஸை ஒட்டியது. இங்கே கம்பளி எதற்கு என்று கேட்பவர்களிடம் உண்மை உண்டு. ஆனால் குளிர்தான் பின்னலைப் பிறப்பிக்கும் என்றால் நீலகிரியில் அது பிறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் மிகக் குளிர்ந்த மேட்டில் வாழும் தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள். அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி தடித்த பருத்தித் துணி; அதையும் சமவெளி நெசவாளர்களிடமிருந்தே பெற்றார்கள். மறுபக்கம், பனி விழாத நாகர்கோவிலில் ஐரோப்பிய ஊசிக்கலை தொழிலாயிற்று. வெயிலே தடை என்றால், மார்கழியில் மங்கி குல்லா விற்கும் நடைபாதைக் கடைகளும் இருந்திருக்கக் கூடாது. 1959க்குப் பின் அகதிகளாக வந்த திபெத்தியர்கள் லூதியானாவில் சரக்கு எடுத்துக் குளிர்காலம்தோறும் தென்னக நகரங்களிலும் விற்கிறார்கள். உதகையில் அவர்கள் பெயரிலேயே ஒரு சந்தை இருக்கிறது. தேவை இருந்தது, அதை நிறைவு செய்தது வேறு ஊர்.

அந்த வேறு ஊரின் கதை நம் வாதத்துக்கு எதிர்ப்பக்கச் சான்று. 1830களின் பஞ்சத்தில் காஷ்மீரை விட்டு இறங்கிய சால்வை நெசவாளர்கள் லூதியானாவிலும் அமிர்தசரசிலும் குடியேறினார்கள். கம்பளி நூலும் அதை அறிந்த கைகளும் சால்வை வணிகரின் முதலும் முன்பே இருந்த இடத்தில் பின்னல் எந்திரம் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் இதற்கு இணை திருப்பூர். 1925இல் குலாம் காதர் அங்கே பின்னல் எந்திரத்தை நிறுவியபோது, கொங்கு நாட்டுப் பருத்தியும் பஞ்சுச் சந்தையும் அதைத் தாங்கிப் பிடித்தன. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் தேடிவந்த பிறகு பனியன் ஊர் ஏற்றுமதி நகரமாயிற்று. 'பின்னலாடை' என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்ததும் திருப்பூர்தான். பின்னல் தமிழ்நாட்டில் தொழிலாகவில்லை என்று பொதுப்படச் சொல்வது ஆகவே பிழை. எந்திரத்தோடும் பருத்தியோடும் வந்தபோது அது பெருந்தொழில் ஆயிற்று. கையோடும் கம்பளியோடும் வந்தபோது வீட்டுக்குள் நின்றது.

வீட்டுக்குள் நின்றதிலும் கம்பளி நிலைக்கவில்லை. 1950இல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனம் 'ஆர்லான்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த அக்ரிலிக் இழை, பின்னர் வர்த்மான், ஓஸ்வால் போன்ற லூதியானா நிறுவனங்களின் நூல்கண்டுகளாகத் தமிழ்நாட்டு ஃபேன்ஸி ஸ்டோர் வரை வந்தது. அது அரிக்காது, பூச்சி அரிக்காது, துவைத்தால் சுருங்காது, விலையும் குறைவு. இன்று 'உல்லன்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் அதைத்தான். உல்லன் மாலை, வாசல் தோரணம், குழந்தைக் குல்லா என்று அது வீடுகளில் புது வாழ்வு பெற்றது. பொருள் போய்ப் பெயர் மட்டும் நிலைத்தது. ஆட்டோடு உறவே இல்லாத கரைக்கு இது ஒருவகையில் பொருத்தமான முடிவுதான்.

கைப்பின்னல் இன்றும் செழிப்பாக இருக்கிறதே என்று ஒரு மறுப்பு எழலாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் பதிவு பெற்றனர். அடுத்த ஆண்டு காட்டாங்குளத்தூரில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்கார்ஃப். ஒற்றைக் கொக்கியால் செய்யும் குரோஷே, இரட்டை ஊசிப் பின்னலுக்கு உடன்பிறப்பு. திறமையைப் பற்றிய ஐயத்தை இந்த நிகழ்வுகள் துடைத்துவிட்டன. ஆனால் இவை என் வாதத்தைக் கலைக்கவில்லை, வலுப்படுத்துகின்றன. அத்தனை ஆயிரம் மணி நேர உழைப்பைக் கூலிக்கு வாங்க இங்கே எந்த வணிகரும் இல்லை. ஆர்வத்தால் மட்டுமே அது திரண்டது. இவ்வளவு கைத்திறனுக்கு விலை சொல்லும் சந்தை இல்லாதது பெரிய இழப்பு.

விலை கிடைத்த இடம் ஒன்று உண்டு. அது மீண்டும் நீலகிரி. தோடப் பெண்கள், தறியில் நெய்த வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்புக் கம்பளி நூலால் பூவேலை செய்கிறார்கள். வரைந்த மாதிரி கிடையாது. கணக்கு மனத்தில் இருக்கிறது, வடிவங்களுக்குத் தோட மொழியில் பெயர் இருக்கிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சால்வையாகவும் மப்ளராகவும் அது இப்போது விற்பனைக்கு வருகிறது. வாங்குகிறவர் அங்கே காசு கொடுப்பது சூட்டுக்காக அல்ல, கைக்காக. அந்தக் கம்பளி நூலைத் தாங்கி நிற்பதோ சமவெளித் தறி நெய்த பருத்தி.