பூட்டிய அறை ஊர் சுற்றிய கதை

கொள்ளேகாலில் பஸ் ஏறி மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்கு ஹனூர் வழியில் வரும் ஊர். மலையைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் பாலாறு, அதற்கப்பால் மேட்டூர். 1956 நவம்பர் 1 வரை ஹனூர் சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஊர் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. எல்லைக்கோடு அதன் தலைக்கு மேலே நடந்து போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் யாரிடமாவது கொள்ளேகால் என்று சொல்லிப் பாருங்கள். சிலர் பட்டு என்பார்கள். பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மாந்திரீகம் என்பார்கள். என் சிறுவயதில் தெருவில் யாராவது காரணம் தெரியாமல் இளைத்துப் போனால், கொள்ளேகாலில் போய்ச் செய்வினை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். கொள்ளேகால் இல்லையென்றால் மலையாள மாந்திரீகம். நம் ஊர்க்காரன் செய்தான் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. செய்வினை எல்லை தாண்டித்தான் வரவேண்டும்.

இந்தப் பழக்கத்தையே மூலதனமாக்கி வளர்ந்த ஓர் இலக்கிய மரபு இருக்கிறது. அதன் பெயரே வெளியாளின் பெயர்: ரோமாபுரியைச் சூறையாடிய கோத் இனத்தாரின் பெயரிலிருந்து வந்த 'கோதிக்'. 1764 டிசம்பரில் லண்டனில் ஹொரேஸ் வால்போல் 'ஒட்ராண்டோவின் கோட்டை' என்ற நாவலை வெளியிட்டார். தன் பெயரைப் போடவில்லை. வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்த இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று கதை கட்டினார். புத்தகம் விற்றபின், 1765-இல் இரண்டாம் பதிப்பில்தான் உண்மையை ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்று துணைத்தலைப்பும் வைத்தார். ஆங்கிலேயருக்கான பயம் இத்தாலியில் முளைக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு கழித்து ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோ' நாவலிலும் இத்தாலியக் கோட்டைதான். இத்தாலியைக் கண்ணால் பார்க்காமலே எழுதினார். கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் நம்மைப் பதற வைத்துவிட்டு, கடைசியில் மெழுகுப் பொம்மை என்பார். பேயைக் காட்டிவிட்டுப் பிறகு காரணம் சொல்லும் உத்தி அவருடையது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1847-இல் சார்லட் பிராண்டி 'ஜேன் அயர்' எழுதினார். இப்போது கோட்டை இங்கிலாந்துக்குள் வந்துவிட்டது, ஒரு பண்ணைப் பிரபுவின் மாளிகையாக. ஆனால் அதன் மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருப்பவள் பெர்த்தா மேசன், ஜமைக்காவிலிருந்து கல்யாணம் செய்து கொண்டுவரப்பட்ட முதல் மனைவி. நாவல் முழுக்க அவள் சிரிக்கிறாள், உறுமுகிறாள், தீ வைக்கிறாள். தன் கதையைச் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரைஸுக்கு அது பொறுக்கவில்லை. 1966-இல் 'வைட் சர்காசோ சீ' என்ற நாவலில் பெர்த்தாவுக்கு ஒரு குழந்தைப் பருவத்தையும், ஒரு தோட்டத்தையும், வேறொரு பெயரையும் கொடுத்தார். அதைப் படித்தவர்களால் 'ஜேன் அயர்' நாவலைப் பழையபடி படிக்க முடிவதில்லை. என்னால் முடியவில்லை.

தமிழுக்கு இந்த மரபு முதலில் மலிவுப் பதிப்புகளின் வழியாக வந்தது. இந்தியாவில் அமோகமாக விற்ற ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸின் நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் தமிழ்ப் பெயர்களும் தமிழ் ஊர்களும் சூட்டி எழுதித் தள்ளினார்கள். புதுமைப்பித்தன் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' ஆக்கினார். அவரே எழுதிய 'காஞ்சனை'யில் அச்சம் கோட்டையிலிருந்து வரவில்லை. வாசலில் பிச்சை கேட்டு நிற்கும் பெண்ணை வீட்டுக்காரி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் வழியாக வருகிறது. மரபை இவ்வளவு துணிச்சலாகத் திருப்பிப் போட்ட கதை தமிழில் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை.

சினிமாவுக்குக் கோட்டை தேவைப்பட்டது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1971-இல் மன்னர் மானியம் நின்றது. நாடெங்கும் அரண்மனைகளில் ஆளில்லாத அறைகள் பெருகின.

1993 டிசம்பரில் கேரளத்தில் அப்படி ஓர் அறை திறந்தது. மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்'. தாழ் என்றால் பூட்டு. படத்தின் பெயரே பூட்டுதான். மாடம்பள்ளி வீட்டின் தெக்கினியில், அதாவது தெற்குக் கட்டில், அடைபட்டிருப்பவள் நாகவல்லி. தஞ்சாவூர்க்காரி, நாட்டியக்காரி, தமிழ் பேசுகிறவள். மலையாள வீட்டு மருமகள் கங்கா திடீரென்று தமிழில் பேசும் நொடியில்தான் திரையரங்கம் உறைந்தது. ராட்கிளிஃபின் உத்தி இங்கேயும் உண்டு: மனநல மருத்துவர் வந்து காரணம் சொல்கிறார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞர் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே ஃபாசில் வெளியில் சொன்னார். பூட்டிய அறையிலிருந்து கேட்ட குரலுக்குரியவரும் அத்தனை காலம் பெயரில்லாமல் இருந்திருக்கிறார். இது எனக்குப் படத்தைவிட அதிக நடுக்கம் தருகிறது.

பிறகு அறை புறப்பட்டது. 2004-இல் இயக்குநர் பி. வாசு அதைக் கன்னடத்துக்குக் கொண்டுபோனார். 'ஆப்தமித்ரா'வில் மைசூரின் பழைய மாளிகை ஒன்றுக்குள் நாகவல்லி குடியேறினாள், தெலுங்கு பேசுகிறவளாக. நாகவல்லியாக மாறும் பெண்ணாக நடித்த சௌந்தர்யா ஏப்ரலில் விமான விபத்தில் இறந்துபோக, ஆகஸ்டில் படம் வந்தது. இறந்துவிட்ட பெண் ஆவேசமாக ஆடுவதைக் கர்நாடகம் அழுதுகொண்டே பார்த்தது. அடுத்த ஏப்ரலில் அதே வாசு அதைத் தமிழில் 'சந்திரமுகி' ஆக்கினார். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. தமிழ் அரண்மனைக்குள் தமிழ் பேசும் பேய் எடுபடாது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும், சந்திரமுகியும் தெலுங்குக்காரி. 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் வட இந்திய அரண்மனை, வங்காளி நாட்டியக்காரி மஞ்சுலிகா.

மலையாளிக்குத் தமிழச்சி. கன்னடருக்கும் தமிழருக்கும் தெலுங்குப் பெண். இந்திக்காரருக்கு வங்காளி. யார் வீட்டு அறையானாலும் உள்ளே இருப்பவள் பக்கத்து ஊர் மொழி பேசுகிறாள்.

ஆனால் அவள் வந்த வழி கற்பனையல்ல. 19-ஆம் நூற்றாண்டில், நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வரில் வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அரண்மனைக்குப் போனார். அவருடைய அண்ணன் சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார். ஆட்டமும் அடவும் சதங்கையும் அந்தச் சாலைகளில்தான் போயின. தஞ்சை அரண்மனையில் ஆடிய வர்ணங்களும் பதங்களும் பெரும்பாலும் தெலுங்கில் இருந்தன. ஆகவே மைசூர் மாளிகையில் தெலுங்கில் பாடி ஆடும் ஒரு பெண் வந்து தங்கியிருந்தால் வியப்பில்லை. அவளைக் கூட்டி வந்தவர்கள் அவள் கலையை ரசித்தார்கள். கதை சொல்ல வந்தவர்கள் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

பெர்த்தாவுக்கு ஜீன் ரைஸ் செய்ததை நாகவல்லிக்குச் செய்யும் நாவலுக்காகக் காத்திருக்கிறேன். அது தஞ்சாவூரில் தொடங்க வேண்டும். மேலவீதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு, தட்டுக்கழி தட்டி ஜதி சொல்லும் நட்டுவனார், விடியற்காலையில் சலங்கை கட்டிக்கொள்ளும் பத்து வயதுப் பெண். வாசலில் மேற்கே போகிற வண்டி ஒன்று நிற்கிறது. அவள் அம்மா பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டே, அந்த ஊரில் என்ன பாஷை பேசுவார்கள் என்று கேட்கிறாள்.