குழந்தைக்கு ‘சதை வளர்ந்திருக்கு’ என்றாரா டாக்டர்? டான்சில், அடினாய்டு எந்த வயதில் எப்படி மாறும்?

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கிறீர்கள். பிள்ளை லீவுக்கு பாகாலாவில் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறான். ராத்திரி அம்மாவிடம் இருந்து போன்: "வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறான், குறட்டை வேற. டாக்டர் பார்த்துட்டு சதை வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும்கிறார்."

பதற்றப்படும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 4, 5 வயதில் அந்தச் சதை பெரிதாக இருப்பது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம்தான். டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ‘எவ்வளவு பெருசா இருக்கு?’ என்பதை விட, ‘அதனால குழந்தைக்கு என்ன பாதிப்பு?’ என்பதைத்தான்.

டான்சில், அடினாய்டு: எது எங்கே இருக்கிறது?

வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தொண்டையின் இரண்டு பக்கமும் உருண்டையாகத் தெரிவது டான்சில். மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருப்பது அடினாய்டு. அது வாய் வழியாகத் தெரியாது. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தோ, மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோதான் பார்க்க முடியும்.

இரண்டுமே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பகுதிகள். மூச்சு, சாப்பாடு வழியாக உள்ளே வரும் கிருமிகளை முதலில் சந்திப்பவை இவைதான்.

வயதுக்கு ஏற்ப என்ன மாற்றம்?

பிறந்தபோது இவை சிறியவை. முதல் வருடத்தில் வளரத் தொடங்குகின்றன. அங்கன்வாடி, ப்ளே ஸ்கூல் என்று வெளியே போகும்போது புதுப்புது வைரஸ்களைச் சந்திப்பதால் இந்தச் சதைக்கு வேலை அதிகம். சுமார் 3 முதல் 7 வயதுக்குள் அடினாய்டு அதன் உச்ச அளவைத் தொடுகிறது. டான்சிலும் ஏறக்குறைய அதே வயதில்தான் பெரிதாகத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், அந்த வயதில் முகமும் தொண்டையும் இன்னும் சின்னது. சின்ன இடத்தில் பெரிய சதை. அதனால்தான் மூக்கடைப்பும் குறட்டையும்.

அதன் பிறகு முக எலும்புகள் வளர்ந்து, மூச்சு போகும் பாதை அகலமாகிறது. சதையோ மெல்லச் சுருங்குகிறது. பதின்ம வயது முடிவதற்குள் அடினாய்டு பெரும்பாலானவர்களுக்கு கிட்டத்தட்ட மறைந்துவிடும். டான்சில் சிறிதாகி அப்படியே இருக்கும்.

அளவை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்?

இதற்கு 1934-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு நல்ல உதாரணம். நியூயார்க்கில் 1,000 பள்ளிக் குழந்தைகளில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டியபோது, 174 பேருக்கு ஆபரேஷன் தேவை என்றார்கள். ‘தேவையில்லை’ என்று சொல்லப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால், அதிலும் 99 பேருக்குத் தேவை என்றார்கள். மிச்சமிருந்த 116 பேரை மூன்றாவது முறை காட்டினால், இன்னும் 51 பேர். கடைசியில் தப்பியது 65 பேர்தான்!

கண்ணால் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் இன்று ஆபரேஷனுக்கு அளவை விட அறிகுறிகளும் எண்ணிக்கையும்தான் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன.

எப்போது காத்திருக்கலாம்?

அடிக்கடி தொண்டை வலியா? ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடம் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 வருடம் ஆண்டுக்கு 3 முறை என்பதுதான் உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் கணக்கு. அதுவும் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், டான்சிலில் சீழ் போன்ற அறிகுறிகளோடு வந்ததுதான் கணக்கில் சேரும். இதற்குக் குறைவு என்றால் பெரும்பாலும் பொறுத்திருந்து பார்க்கலாம்.

தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ள, 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு 2013-ல் வெளியானது. ஆபரேஷன் செய்யாமல் 7 மாதம் கவனித்து வந்த குழந்தைகளில் 46% பேருக்கு தூக்கப் பரிசோதனை முடிவு தானாகவே சரியானது. ஆபரேஷன் செய்தவர்களில் இது 79%. நடத்தை, அன்றாட வாழ்க்கைத் தரம் ஆகியவற்றிலும் ஆபரேஷன் செய்தவர்களுக்கே கூடுதல் முன்னேற்றம். பாதிப்பு கடுமையாக இருந்த குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

‘வளர்ந்தா சரியாயிடும்’ என்பது எல்லாருக்கும் பொருந்தாது. இவற்றைக் கவனியுங்கள்:

- வாரத்தில் 3 நாளுக்கு மேல் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது
- பகலில் எரிச்சல், கவனச் சிதறல், துறுதுறுப்பு. பெரியவர்கள் மாதிரி குழந்தைகள் தூங்கி வழிய மாட்டார்கள்
- நிறுத்திய பிறகு மறுபடி படுக்கையில் சிறுநீர் போவது
- டிவி சத்தத்தைக் கூட்டுவது, கூப்பிட்டால் திரும்பாதது. அடினாய்டு காதுக்குப் போகும் குழாயை அடைத்து, உள்ளே நீர் கோர்த்திருக்கலாம். பள்ளியில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கும் குழந்தைக்கு சில சமயம் காதுதான் பிரச்னை
- எச்சில்கூட விழுங்க முடியாதது, வாயைத் திறக்க முடியாதது, மூச்சு வாங்குவது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்
- ஒரு பக்க டான்சில் மட்டும் வேகமாகப் பெரிதாவது

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆனால் ஸ்ட்ரெப் பாக்டீரியா என்று டாக்டர் சொன்னால், மாத்திரையை பாதியில் நிறுத்தாதீர்கள். சரியாகக் குணமாகாத ஸ்ட்ரெப் தொற்று, ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதய வால்வைப் பாதிக்கலாம். இந்தியாவில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை.

ஆபரேஷன்தான் என்று முடிவானால்?

இரண்டாவது கருத்து கேட்பதில் தயக்கம் வேண்டாம். பாகாலாவில் இருந்து ஒரு பக்கம் திருப்பதியின் ரூயா அரசு மருத்துவமனை, ஸ்விம்ஸ்; இன்னொரு பக்கம் காட்பாடி வழியாக வேலூர் சிஎம்சி. ஜங்ஷனில் இருந்து இரண்டு பக்கமும் ரயில் உண்டு.

டான்சில் ஆபரேஷனில் முக்கிய ஆபத்து ரத்தக்கசிவு. முதல் 24 மணி நேரத்திலும், 5 முதல் 10-வது நாளுக்குள்ளும் அது வரலாம். அதனால் வீடு திரும்பியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் 2 வாரம், நடு ராத்திரியில்கூட சீக்கிரம் போகக்கூடிய தூரத்தில் பெரிய மருத்துவமனை இருக்கும் இடத்தில் தங்குவது நல்லது. ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

டாக்டரைப் பார்க்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது

குழந்தை தூங்கும்போது ஒரு நிமிட வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. தொண்டை வலி வந்த தேதிகள், காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து மூன்றையும் போனில் குறித்து வையுங்கள். பிள்ளை ஊரில் இருந்தால் தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லி வையுங்கள். காத்திருக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய டாக்டருக்கு இது பெரிய உதவி.