மிகையும் குறையும்: தாய்லாந்து, அம்ஹாரிக் எழுத்துமுறைகள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

தாய்லாந்து மொழிக்கும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்குக்கும் இன உறவு எதுவும் இல்லை. முன்னது தாய்–கடாய் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் சொற்கள் உருபு ஏற்பதில்லை. தொனியும் சொல்வரிசையுமே பொருளைத் தீர்மானிக்கின்றன. பின்னது செமிட்டிக் மொழி. பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரை வெவ்வேறு உயிர் அச்சுகளில் வார்த்து அது சொற்களை ஆக்குகிறது. வினை, தமிழில்போலவே, வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் எழுத்தில் அருகருகே வருகின்றன. நாம் உயிர்மெய் என்று சொல்லும் முறையே இரண்டுக்கும் அடிப்படை. 1990இல் பீட்டர் டேனியல்ஸ் இவ்வகை எழுத்துமுறைக்கு ‘அபுகிடா’ என்று பெயரிட்டார். எத்தியோப்பிய எழுத்துகளின் ஒலிகளைக் கோத்து அமைந்த பெயர் அது.

இரு எழுத்துமுறைகள்மீதும் ஒரே குறை சொல்லப்படுகிறது: ஓர் ஒலிக்குப் பல எழுத்துகள். அந்தக் குறை எழுத்துகளை எண்ணுகிறதே தவிர, மொழியின் அமைப்பைப் பார்ப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாய்லாந்து மொழி: உழைக்கும் மிகை

தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. ‘கெ’, ‘கை’ என்பவற்றில் நாம் செய்வதுபோல, சில உயிர்க்குறிகளை மெய்க்கு முன்னால் இடும் வழக்கம் அங்கும் உள்ளது. மெய்யெழுத்துகள் 44. சொல்லின் முதலில் வரும் மெய்யொலிகளோ 21தான். ஏறக்குறைய பாதி எழுத்துகள் வீண் என்று முதற்பார்வையில் தோன்றும்.

‘க்ஹ’ ஒலிக்கு உரிய இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பழைய வல்லொலியின் வழி வந்தது; அது ‘உயர் வகுப்பு’ எழுத்து. மற்றொன்று பழைய அதிர்வொலியான ககரத்தின் வழி வந்தது. அது ‘தாழ் வகுப்பு’. வடமொழிக் ‘குரு’ அங்கே ‘க்ஹ்ரூ’ என ஒலித்தாலும் இரண்டாவது எழுத்தாலேயே எழுதப்படுகிறது. காலப்போக்கில் அதிர்வு மறைந்து, அது இருந்த இடத்தில் தொனி வேறுபாடு நிலைத்தது. இன்று முதல் எழுத்தால் ‘க்ஹாவ்’ என்று எழுதினால் ஏறுதொனியில் ‘வெள்ளை’ என்று பொருள். இரண்டாவதால் எழுதினால் சமதொனியில் ‘மீன் கவிச்சி’. வேறு குறி எதுவும் இல்லை. மெய்யின் வகுப்பே தொனியைச் சொல்லிவிடுகிறது. உயர், தாழ் வகுப்பு எழுத்துகள் சேர்ந்து, இரண்டே தொனிக்குறிகளைக் கொண்டு மொழியின் ஐந்து தொனிகளையும் காட்டிவிடுவது இந்த உழைப்பால்தான்.

எல்லா மிகையும் இப்படிப்பட்டதல்ல. ‘ஸ’ ஒலியுடைய உயர் வகுப்பு எழுத்துகள் மூன்று. அவை வடமொழியின் மூன்று வேறு ஒலிகளிலிருந்து வந்தவை. தொனியில் வேறுபாடு இல்லை. ‘பாஷா’ என்பதிலிருந்து வந்த ‘ப்ஹாஸா’வில் ஷகரத்தின் வழித்தோன்றல் நிற்பது மரபு கருதியே.

அம்ஹாரிக்: நினைவும் ஊகமும்

அம்ஹாரிக் எழுத்து, எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியான கீஸ் மொழியிலிருந்து பெறப்பட்டது. அதன் உயிர்க்குறிகள் கி.பி. 4ஆம் நூற்றாண்டில், அக்சும் அரசன் எசானாவின் கல்வெட்டுகளில் தென்படுகின்றன. ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர் வடிவங்கள் கொள்ளும்.

கீஸில் வேறுவேறாக ஒலித்த பல மெய்கள் அம்ஹாரிக்கில் ஒன்றாகிவிட்டன. எழுத்துகள் மட்டும் தங்கின. ‘ஹா’ என்பதை ஆறு வடிவங்களில் எழுதலாம். பேரரசர் ஹைலே செலாசியின் பெயரில் ஹகரமும் ஸகரமும் மரபுப்படி பழைய, அரிய எழுத்துகளால் எழுதப்படுகின்றன. இங்கே மிகை எழுத்துக்கு ஒலியில் வேலை இல்லை. திருச்சபை நூல்களோடுள்ள தொடர்பைக் காப்பதே அதன் பணி.

அதே எழுத்துமுறை, பொருளை மாற்றும் ஓர் ஒலிப்பண்பை எழுதாமலே விடுகிறது. ‘அலெ’ என்றால் ‘சொன்னான்’. ‘அல்லெ’ என்றால் ‘இருக்கிறான்’. எழுத்தில் இரண்டும் ஒன்று. பலியையும் பல்லியையும் பிரித்தெழுதிப் பழகிய நமக்கு இது பெருங்குறையாகத் தோன்றும். ஆனால் பல இடங்களில் வேர் அமைப்பு துணை வருகிறது. ‘யிஸெப்ரால்’ என்றால் ‘உடைக்கிறான்’. ‘யிஸ்ஸெப்பெரால்’ என்றால் ‘உடைகிறது’. இங்கே பகரத்தை, ‘பலம்’ என்று பேச்சில் ஒலிப்பதுபோல் படிக்க வேண்டும். எழுத்து இரட்டிப்பைக் காட்டாவிட்டாலும், பகரத்தின் மேலுள்ள உயிர் வடிவத்தைக் காட்டுகிறது. அந்த உயிர் எந்த அச்சுக்குரியது என்று தெரிந்தவருக்கு இரட்டிப்பு தானாகவே நாவில் வந்துவிடும். ‘பாவம்’ என்று எழுதிவிட்டு, அது குற்றமா முகபாவமா என்பதை வாசகரிடம் விட்டுவிடும் தமிழும் இதே நம்பிக்கையில்தான் இயங்குகிறது.

சீர்திருத்தங்கள் சொல்லும் பாடம்

1942இல் பிபுன் சொங்க்ராம் அரசு தாய்லாந்து எழுத்தைச் சுருக்கியது. 13 மெய்யெழுத்துகள் நீங்கி 31 எஞ்சின. மேலே கண்ட ‘க்ஹ’ எழுத்துகள் இரண்டும் நீங்கவில்லை. மிகையைக் களைய முனைந்தவர்களாலேயே தொனியைச் சுமக்கும் எழுத்துகளைத் தொட முடியவில்லை என்பது என் வாதத்துக்கு வலுவான சான்று. நீங்கியவற்றுள் ஒன்று ‘க்ஹா’ (கொல்) என்ற சொல்லின் முதலெழுத்து. அந்த விதிப்படி ‘கொல்’ என்பதும் அதே ஒலியுடைய ‘மதிப்பு’ என்பதும் எழுத்தில் ஒன்றாகின்றன. ஒரே ஒலியில் பல ஓரசைச் சொற்கள் நெருங்கி நிற்கும் மொழியில், கண்ணுக்குத் தெரியும் வேறுபாடும் ஒரு பயன்தான். 1944இல் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது.

அம்ஹாரிக்கில் முயற்சி எதிர்த் திசையில் நடந்தது. நாவலாசிரியர் ஹத்திஸ் அலெமயெஹு, ‘ஃபிகிர் எஸ்கெ மெகாபிர்’ என்ற தம் நாவலில், இரட்டிக்கும் மெய்களின் தலையில் ஒரு புள்ளி இட்டார். நம் புள்ளி உயிரை நீக்கும். அவர் புள்ளி மெய்யை இரட்டிக்கும். அவ்வழக்கம் பரவவில்லை. மொழி ஏற்கெனவே வாசகருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததையே பெரும்பாலும் புள்ளி மறுபடி சொன்னது.

முடிவுரை

ஆகவே, ‘இந்த எழுத்து எந்த ஒலியைக் குறிக்கிறது’ என்ற கேள்வி மட்டும் போதாது. ‘இது நீங்கினால் இம்மொழியின் வாசகர் எதை இழப்பார்’ என்றும் கேட்க வேண்டும். தாய்லாந்து வாசகர் வெள்ளைக்கும் கவிச்சிக்கும் உள்ள வேறுபாட்டை இழப்பார். அம்ஹாரிக் வாசகர் ஒலியில் ஒன்றையும் இழக்கமாட்டார், தம் பழைய நூல்களின் வழியை இழப்பார். இரண்டும் இழப்பே எனினும் ஒரே வகையானவை அல்ல. அவற்றை ஒரே அளவுகோலால் அளக்கும் சீர்திருத்தம் ஒன்றுக்கேனும் அநீதி செய்யும்.